பழைய காருக்குப் புதிய குரல்

புக்கிட் பாத்தோக் என்ற பெயருக்குப் பல விளக்கங்கள் உண்டு. அவற்றில் ஒன்று வேடிக்கையானது. மலாய் மொழியில் ‘புக்கிட்’ என்றால் குன்று. ‘பாத்தோக்’ என்பது இருமலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லை ஒத்திருக்கிறது. இங்கிருந்த கருங்கல் குவாரிகளில் வெடி வைத்தபோது குன்றே இருமுவதுபோலக் கேட்டதாம். குவாரிகள் மூடப்பட்டுவிட்டன. அவற்றில் ஒன்றுதான் இன்று நாம் மாலை நேரத்தில் நடக்கப் போகும் ‘லிட்டில் குய்லின்’ பூங்கா. ஆனால் இருமல் மட்டும் நிற்கவில்லை. பன்மாடி கார் நிறுத்துமிடத்தில், பத்து வயதான ஒரு காரில் பாட்டுப் போட்டுப் பாருங்கள். கதவுக்குள்ளிருந்து ஸ்பீக்கர் இருமும்.

உங்கள் காரும் அப்படித்தானா? வாகன உரிமைச் சான்றிதழின் பத்தாண்டு முடிந்து, மேலும் ஐந்தோ பத்தோ ஆண்டுகளுக்குப் புதுப்பித்திருக்கிறீர்களா? அல்லது பழைய காரை வாங்கியவரா? வண்டி ஓடுகிறது, குளிர்சாதனம் வேலை செய்கிறது, பாட்டுதான் கேட்கச் சகிக்கவில்லை. பணிமனைக்குப் போனால் முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். இணையத்தில் பார்த்தால் ‘4 x 50 வாட்’, ‘1,000 வாட்’ என்று எண்கள் மிரட்டும்.

இன்னும் சில ஆண்டுகளே ஓடப்போகும் வண்டிக்கு எவ்வளவு செலவு செய்யலாம், எதில் முதலில் கை வைக்கலாம் என்பதற்கு அறிவியல் தெளிவான விடை தருகிறது. பல நேரங்களில் அந்த விடை நாம் நினைப்பதைவிட மலிவானது.

செலவில்லாத மூன்று சோதனைகள்

எதையும் வாங்குவதற்கு முன் நோய் எங்கே என்று பாருங்கள். வண்டியை நிறுத்திவைத்து, நன்றாகத் தெரிந்த ஒரு பாடலை மிதமான ஒலியில் போடுங்கள். ஒலியை முன்–பின், இட–வலமாக நகர்த்தும் அமைப்பைப் பயன்படுத்தி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடும்படி செய்யுங்கள். நான்கில் ஒன்று மட்டும் கரகரத்தால் கோளாறு அந்த ஸ்பீக்கரில். நான்கும் ஒரேமாதிரி கரகரத்தால் கோளாறு டேஷ்போர்டில் இருக்கும் ஹெட் யூனிட்டிலோ, நீங்கள் போடும் பாட்டிலோ இருக்கலாம்.

இரண்டாவது சோதனை. ஒலி நடுவில் இருக்கும்போது மத்தளமும் பேஸ் கிட்டாரும் மெலிந்து, ஒலியை முழுவதுமாக ஒரு பக்கம் தள்ளியதும் அவை திடீரெனக் கனத்துக் கேட்கின்றனவா? அப்படியென்றால் ஒரு ஸ்பீக்கரின் கூட்டல், கழித்தல் கம்பிகள் மாறி இணைக்கப்பட்டுள்ளன. ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது. தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. முன்பு யாரோ ஸ்பீக்கர் மாற்றிய பழைய கார்களில் இது நேர்வதுண்டு. இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் போதும், செலவு எதுவுமில்லை.

மூன்றாவது, கண்ணால் பார்ப்பது. ஸ்பீக்கர் கூம்பின் விளிம்பில் ஒரு வளையம் உண்டு. கூம்பு முன்னும் பின்னும் ஆட இடம் கொடுப்பது அதுதான். பல பழைய ஸ்பீக்கர்களில் இந்த வளையம் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல வெட்டுகிறது, வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. ஈரமும் வெப்பமும் ஆண்டு முழுவதும் குறையாத சிங்கப்பூரில், வெயிலில் நிற்கும் வண்டியின் கதவுக்குள் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. விரல் வைத்தால் நுரை பிஸ்கட்டைப்போல உதிர்ந்தால், அந்த ஸ்பீக்கரின் காலம் முடிந்துவிட்டது. புதியது வாங்கும்போது ரப்பர் வளையம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒலி 96.8 ஏன் வரவில்லை?

ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதியான காரை வாங்கியவர்களுக்கு வேறொரு குழப்பம் காத்திருக்கும். சிங்கப்பூரின் பண்பலை வானொலி அலைகள் இதே புக்கிட் பாத்தோக் குன்றின்மேல் நிற்கும் கோபுரத்திலிருந்துதான் புறப்படுகின்றன. கோபுரத்தைப் பார்த்தபடியே வண்டியை நிறுத்தியிருப்பீர்கள். ஆனாலும் வானொலியில் ஒலி 96.8 வராது. எண்ணைத் திருப்பிக்கொண்டே போனால் 90க்கு மேல் நகராது.

பழுது எதுவும் இல்லை. உலகின் பெரும்பாலான நாடுகளில் பண்பலை வானொலிக்கு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். ஜப்பானில் 76 முதல் 90 வரைதான். அதற்கு மேலிருந்த இடத்தை அங்கே தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகள் பிடித்திருந்தன. 2011ல் தொடங்கி 2012க்குள் அந்தப் பழைய தொலைக்காட்சி முறை நிறுத்தப்பட்ட பிறகு, வானொலிக்கு 95 வரை இடம் கிடைத்தது. அதனால் ஓரளவு புதிய ஜப்பானியக் கார்கள் 95 வரை எட்டும். நம் 96.8 அப்போதும் எட்டாக்கனிதான்.

இதற்குப் பணிமனைகளில் ஒரு சிறு பெட்டியைப் பொருத்துவார்கள். ‘பேண்ட் எக்ஸ்பாண்டர்’ என்பார்கள். ஆன்டெனாவுக்கும் வானொலிக்கும் நடுவே அது உட்காரும். அதற்குள் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில், 12 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம், அதிரும் மின்சுற்று இருக்கிறது. இரண்டு அலைகளைக் கலந்தால் அவற்றின் வேறுபாட்டுக்குச் சமமான புதிய அலை ஒன்று பிறக்கும். 96.8லிருந்து 12 போனால் 84.8. ஆகவே காரின் வானொலியில் 84.8 என்று வைத்தால் ஒலி 96.8 பாடும். 88.3ல் உள்ள நிலையம் 76.3க்கும், 100.3ல் உள்ளது 88.3க்கும் இறங்கிவிடும். எல்லாம் ஜப்பானிய வானொலியின் எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன.

மலிவான பெட்டிகள் கொஞ்சம் இரைச்சலையும் கூடவே கொண்டுவரும். கோபுரத்துக்கு மிக அருகில் அலை அளவுக்கு மீறி வலுவாக இருப்பதால், சுமாரான சுற்றுகள் திணறி ஒரு நிலையத்தின் மேல் இன்னொன்றைக் கலந்துவிடவும் கூடும். குன்றின் அடியில் இரைச்சலும் ஜூரோங்கில் தெளிவும் கேட்டால் வியப்படையவேண்டாம். ஹெட் யூனிட்டையே மாற்றும் எண்ணம் இருந்தால் இந்தப் பெட்டி தேவைப்படாது. புதியதில் 108 வரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

‘50 வாட்’ என்ற மாயக்கணக்கு

கடையில் இருக்கும் ஏறக்குறைய எல்லா ஹெட் யூனிட்டின் அட்டைப்பெட்டியிலும் ‘4 x 50 வாட்’ என்று அச்சிட்டிருக்கும். விலை குறைந்ததிலும் அதே எண், கூடியதிலும் அதே எண். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்த சூத்திரமே சொல்லிவிடும்.

இயந்திரம் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட். ஹெட் யூனிட்டுக்குள் இருக்கும் பெருக்கிச் சில்லு ஸ்பீக்கருக்குக் கொடுக்கக்கூடிய உச்ச அழுத்தமும் அவ்வளவுதான். கார் ஸ்பீக்கரின் மின்தடை பெரும்பாலும் 4 ஓம். அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் சுமார் 52 வாட். அட்டைப்பெட்டியின் 50 வாட் இதுதான்.

ஆனால் இந்தக் கணக்குச் சரியாக வர, ஸ்பீக்கருக்கு எப்போதும் உச்ச அழுத்தமே போகவேண்டும். அதாவது அலை சதுர வடிவில் இருக்கவேண்டும். அது இசை அல்ல, முழுக்க முழுக்கச் சிதைந்த ஒலி. வளைந்து ஏறி இறங்கும் தூய அலைக்கு அதில் சரிபாதிதான் கிடைக்கும், சுமார் 26 வாட். சில்லுக்குள் ஏற்படும் இழப்பையும் கழித்தால் ஏறக்குறைய 20 வாட் மிஞ்சும். இதைத் தாண்டிய சுத்தமான ஒலியை 4 ஓம் ஸ்பீக்கரில் அந்தச் சில்லால் கொடுக்க இயலாது. அழுத்தத்தை உயர்த்திக் கொடுக்கும் தனிப் பெருக்கிதான் அந்த எல்லையை மீறும்.

பழைய ஹெட் யூனிட்டும் பல கார்களில் இதற்குக் கிட்டத்தட்ட சமமான திறனையே தருகிறது. ஆகவே, அதிக வாட் கிடைக்கும் என்று நம்பி ஹெட் யூனிட்டை மாற்றுவது பணத்தை வீணாக்கும் வேலை. உண்மையான திறனை அறிய வேண்டுமென்றால், பெட்டியில் ‘ஆர்எம்எஸ்’ என்று குறிப்பிட்டுள்ள எண்ணைப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. திறனை இரட்டிப்பாக்கினால் ஒலி இரட்டிப்பாகாது. நம் காது அப்படி அளப்பதில்லை. 20 வாட்டை 40 ஆக்கினால் 3 டெசிபல்தான் கூடும். கூர்ந்து கேட்டால்தான் தெரியும். ஒலி இரு மடங்காகிவிட்டது என்று காது ஒப்புக்கொள்ளச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும்.

முதல் வெள்ளி எங்கே போகவேண்டும்?

முன்பக்க ஸ்பீக்கர்களுக்கு. பழைய காரில் மிகவும் களைத்துப்போன பாகம் அதுதான். தயாரிப்பாளர்கள் செலவைக் குறைக்கும் இடமும் பெரும்பாலும் அதுதான். சிறிய காந்தம், மெல்லிய காகிதக் கூம்பு, பிளாஸ்டிக் சட்டம் ஆகியவற்றைத்தான் கதவுக்குள் காண்பீர்கள். பின்பக்க ஸ்பீக்கர்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மேடைக் கச்சேரி நமக்கு முன்னாலிருந்துதான் கேட்கவேண்டும்.

வாங்கும்போது வாட் எண்ணைவிட ‘உணர்திறன்’ என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் ஒலி தரும் என்பதே அது. 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் 3 டெசிபல் கூடுதல். 20 வாட் கொடுத்து 40 வாட்டின் பலனைப் பெறுகிறீர்கள். தனிப் பெருக்கி வாங்காமல் ஹெட் யூனிட்டை நம்பியே ஓட்டப் போகிறவர்களுக்கு இந்த ஒரு எண் போதும்.

‘காம்போனென்ட்’ வகையில் உயர்ந்த ஒலிகளுக்கான ட்வீட்டர் தனியாக வரும். அதன் கம்பியில் விரல் நுனி அளவுள்ள ஒரு மின்தேக்கி தொங்கும். தேவையில்லை என்று அதை வெட்டிவிடாதீர்கள். மின்தேக்கி மெதுவாக மாறும் மின்னோட்டத்தைத் தடுத்து, வேகமாக மாறுவதை விடும். 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 4 ஓம் ட்வீட்டரும் சேர்ந்தால் எல்லை சுமார் 4,000 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள மத்தள அடி அந்தச் சின்னஞ்சிறு ட்வீட்டரைத் தாக்காமல் அது காக்கிறது.

கதவும் ஒரு வாத்தியம்

நல்ல ஸ்பீக்கரை வாங்கிப் பொருத்தியும் பேஸ் வரவில்லை என்று பலர் குறைபடுவார்கள். குற்றவாளி கதவு. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று அழுந்தும், பின்பக்கக் காற்று விரியும். இந்த இரண்டு அலைகளும் சந்தித்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருப்பது அவற்றைப் பிரித்து வைக்கத்தான். காரில் அந்தப் பெட்டியின் வேலையைக் கதவு செய்யவேண்டும். ஆனால் கதவின் உட்தகட்டில் கை நுழையும் அளவுக்குத் துளைகள் இருக்கின்றன. வெளித்தகடோ தட்டினால் தகரடப்பாவைப்போல ஒலிக்கிறது.

தீர்வு எளிது. பியூட்டைல் ரப்பரின் மேல் அலுமினியத் தகடு ஒட்டிய விரிப்புகள் கிடைக்கின்றன. தகடு அதிரும்போது நடுவிலுள்ள ரப்பர் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடும். கதவு முழுவதும் ஒட்டவேண்டியதில்லை. வெளித்தகட்டில் மூன்றில் ஒரு பங்கை மூடினாலே பெரிய மாற்றம் தெரியும். உட்தகட்டின் பெரிய துளைகளை மூடுங்கள். ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் இடையே நுரைப்பட்டை வைத்துக் காற்றுக் கசிவை அடையுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. கதவின் அடிவிளிம்பில் சிறு வடிகால் துளைகள் இருக்கும். மழை பெய்யும்போது கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் நீர் வெளியேறும் வழி அது. சிங்கப்பூர் மழையில் அதை அடைத்தால் ஓரிரு ஆண்டில் கதவு துருப்பிடிக்கும். உட்புறப் பிளாஸ்டிக் தாளையும் கிழித்தெறியாதீர்கள். இருக்கைப் பக்கம் நீர் வராமல் தடுப்பது அதுதான்.

ஹெட் யூனிட்டை எப்போது மாற்றலாம்?

கைப்பேசியில் உள்ள பாட்டைக் கேட்பதுதான் உங்கள் தேவை என்றால், பழைய ஹெட் யூனிட்டில் ஆக்ஸ் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதில் செருகும் ஒரு சிறிய புளூடூத் கருவியே போதும். வழிகாட்டிப் படமும், கைப்பேசியைத் தொடாமல் அழைப்பை ஏற்கும் வசதியும் வேண்டும் என்றால் மாற்றுவதில் பொருள் உண்டு. ஆப்பிள் கார்பிளே 2014லும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015லும் வந்தவை. அதற்கு முன் பதிவான கார்களில் அவை இருக்க வாய்ப்பில்லை.

அளவு பற்றிக் கவலை வேண்டாம். ஜெர்மானியத் தரநிலை அமைப்பின் பெயரால் ‘டின்’ என்று அழைக்கப்படும் அளவு உலகெங்கும் பொது. 18 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் உயரமும் இருந்தால் ஒற்றை டின். 10 சென்டிமீட்டர் உயரமென்றால் இரட்டை டின். டொயோட்டா கார்களில் அகலம் 20 சென்டிமீட்டர் இருப்பதால், இரு பக்கமும் இடைவெளியை மறைக்கும் சட்டம் தேவைப்படும்.

ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தான்கள் வேலை செய்யாமல் போய்விடுமோ என்று பலர் தயங்குவார்கள். பல பழைய கார்களில் அவை ஒரே கம்பியில் இணைந்தவை. ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும் ஒவ்வோர் அளவுள்ள மின்தடை இருக்கிறது. எதை அழுத்துகிறீர்களோ அதற்கேற்ப அழுத்தம் மாறும், அதைக்கொண்டு பொத்தானை ஹெட் யூனிட் அடையாளம் காணும். புதிய ஹெட் யூனிட்டுக்கு இதைக் கற்றுக்கொடுக்கலாம்.

ஆனால் உங்கள் காரில் ‘போஸ்’ போன்ற பெயர் பொறித்த ஸ்பீக்கர்கள் இருந்தால் அவசரப்படாதீர்கள். வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவரின் மகனான அமர் போஸ், காரின் உட்புறத்தை அளந்து அதற்கேற்ப ஒலியமைப்பைத் தொழிற்சாலையிலேயே பொருத்தும் முறையை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். அத்தகைய அமைப்புகளில் பெருக்கி வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கும். ஸ்பீக்கர்களின் தடை 2 ஓம் அல்லது அதற்கும் குறைவாக இருக்கலாம். அங்கே ஒரு பாகத்தை மட்டும் மாற்றினால் மற்றவை ஒத்துழைக்காது. குறைந்த தடையுள்ள அந்த ஸ்பீக்கர்களைச் சாதாரண ஹெட் யூனிட்டுடன் நேரடியாக இணைத்தால் சில்லு சூடேறிக் கருகலாம்.

மஞ்சள் கம்பியும் சிவப்புக் கம்பியும்

ஹெட் யூனிட்டின் பின்னால் மின்சாரம் வரும் கம்பிகள் இரண்டு. மஞ்சள், பேட்டரியுடன் எப்போதும் தொடர்பில் இருப்பது. நினைவில் வைத்த நிலையங்களைக் காப்பது அதன் முதல் வேலை. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறுவது. இரண்டையும் மாற்றி இணைத்தால், ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும் வானொலி எல்லாவற்றையும் மறந்துவிடும். வசதி கருதி இரண்டையும் நிரந்தர மின்சாரத்தில் இணைத்துவிட்டால் இன்னும் மோசம், கருவி தூங்கவே தூங்காது.

கணக்கைப் பாருங்கள். நிறுத்திய காரில் 50 மில்லி ஆம்பியர் வரை கசிவது இயல்பு. 45 ஆம்பியர்-மணி பேட்டரி அந்தக் கசிவில் முழுவதும் காலியாக 900 மணி நேரம், அதாவது ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். தவறான இணைப்பால் அரை ஆம்பியர் கசிந்தால் 90 மணி நேரம். வெள்ளி இரவு நிறுத்திய காரைச் செவ்வாய்க்கிழமை எடுக்கப் போனால், இயந்திரம் ‘டிக், டிக்’ என்று மட்டும் சொல்லும்.

தனிப் பெருக்கி பொருத்தினால் பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த கம்பி இழுக்கவேண்டும். மொத்தக் கட்டுரையிலும் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: அந்தக் கம்பியில், பேட்டரிக்கு ஓரடி, மிஞ்சிப் போனால் ஒன்றரை அடி தூரத்துக்குள், ஃபியூஸ் இருந்தே ஆகவேண்டும். கார் பேட்டரி ஒரு நொடியில் பல நூறு ஆம்பியர் கொடுக்கக்கூடியது. கம்பியின் உறை எங்காவது தேய்ந்து உடற்தகட்டைத் தொட்டால் அது சிவக்கப் பழுத்துத் தீப்பிடிக்கும். ஃபியூஸ் பெருக்கியின் அருகில் மட்டும் இருந்தால், அதற்கு முன்னால் உள்ள நான்கைந்து மீட்டர் கம்பிக்குப் பாதுகாப்பே இல்லை. பணிமனையிலிருந்து வண்டியை எடுக்கும் முன், பானெட்டைத் திறந்து ஃபியூஸைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தவறில்லை.

கம்பியின் தடிமனும் முக்கியம். 5 மீட்டர் நீளமும் 8 சதுர மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள செம்புக் கம்பியில் 30 ஆம்பியர் ஓடினால் 0.3 வோல்ட்தான் வீணாகும். அதையே 2 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஓட்டினால் 1.2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். அதோடு சுமார் 38 வாட் வெப்பம் தரைவிரிப்புக்கு அடியில் உருவாகும். விலை மலிவாகக் கிடைக்கும் சில கம்பிகள், வெளியே செம்புப் பூச்சும் உள்ளே அலுமினியமும் கொண்டவை. செம்புக்கம்பி கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குகூட அவை கடத்தமாட்டா. நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம்.

வேலை முடிந்து வண்டியை எடுத்ததும், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘உய்ய்’ என்ற சத்தம் ஏறி இறங்குகிறதா? அது ஆல்டர்னேட்டரின் குரல். அது தரும் மின்சாரத்தில் இருக்கும் சிறு அலைகள், இரு கருவிகள் வெவ்வேறு இடங்களில் உடற்தகட்டுடன் இணைக்கப்பட்டிருந்தால், அவற்றுக்கிடையே ஓடி இசைக்குள் புகுந்துவிடும். எல்லாக் கருவிகளின் தரைக்கம்பியையும் பெயின்ட் சுரண்டிய ஒரே இடத்தில் முடுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னும் இரண்டு இடங்களில் கை வைக்காதீர்கள். முன்கண்ணாடியின் பக்கத் தூண்களில் காற்றுப்பை இருந்தால் ட்வீட்டர் கம்பியை அதன் குறுக்கே இழுக்கக்கூடாது. 2023 நவம்பர் முதல் வண்டிகளில் பொருத்தப்பட்டுவரும் புதிய மின்னியல் சாலைக் கட்டணக் கருவியின் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கவும் கூடாது.

ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பவரின் சிக்கல்

வீட்டில் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காரலாம். காரில் முடியாது. சிங்கப்பூரில் ஓட்டுநர் வலப்பக்கம். வலக் கதவின் ஸ்பீக்கர் உங்களிடமிருந்து 90 சென்டிமீட்டர் தூரத்தில், இடக் கதவினுடையது 150 சென்டிமீட்டர் தூரத்தில் என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஆகவே இடப்பக்க ஒலி 1.7 மில்லிநொடி தாமதமாக வந்துசேரும். கண் இமைக்கும் நேரத்தில் இது ஒரு துளி. ஆனால் மூளை இதைக் கவனிக்கிறது. முதலில் வந்த ஒலி எந்தத் திசையோ, பாடகர் அங்கேதான் நிற்கிறார் என்று முடிவு செய்துவிடுகிறது. ஜெர்மானியரான ஹெல்முட் ஹாஸ் 1949ல் தம் ஆய்வில் விளக்கிய இயல்பு இது. அதனால்தான் காரில் பாடகர் எப்போதும் உங்கள் வலது முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து பாடுகிறார்.

‘டைம் அலைன்மென்ட்’ வசதியுள்ள ஹெட் யூனிட், அருகிலுள்ள ஸ்பீக்கரை அந்த 1.7 மில்லிநொடி காத்திருக்கச் செய்யும். அளவு நாடாவால் தூரங்களை அளந்து எண்களைப் போட்டால், பாடகர் எழுந்து வந்து டேஷ்போர்டின் நடுவில் நிற்பார். ஹெட் யூனிட் வாங்குவதாக இருந்தால் வாட் எண்ணைக் கேட்பதற்குப் பதிலாக இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

காதுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு

தீவு விரைவுச்சாலையில் போகும்போது டயரின் ஓசையும் காற்றின் ஓசையும் முதலில் மறைப்பது தாழ்ந்த ஒலிகளைத்தான். அதை ஈடுகட்ட நாம் ஒலியைக் கூட்டுகிறோம். வண்டியை நிறுத்தும்போதுதான் எவ்வளவு சத்தமாக வைத்திருந்தோம் என்று தெரியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தினமும் ஒரு மணி நேரம் வேலைக்குப் போய் வருபவர் வியாழக்கிழமையோடு அதைச் செலவழித்துவிடுவார். காரின் உரிமைச் சான்றிதழைப் புதுப்பிக்கலாம். உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

கதவுக்கு ரப்பர் விரிப்பு ஒட்டுவதன் இன்னொரு பயன் இங்கே தெரியும். வெளிச்சத்தம் குறைந்தால் பாட்டைக் குறைவாக வைத்தே நன்றாகக் கேட்கலாம். பின்னால் வரும் ஆம்புலன்சின் ஒலி கேட்கும் அளவுக்கு எப்போதும் இடம் விடுங்கள். புதிய திரையில் படம் ஓட்டும் ஆசை வந்தால், வண்டி நகரும்போது ஓட்டுநரின் கண்ணில் படும்படி படம் ஓடுவதைச் சிங்கப்பூர் விதிகள் அனுமதிப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

எந்த வரிசையில்?

முதலில் செலவில்லாத சோதனைகள். அடுத்து, முன்பக்க ஸ்பீக்கர்களும் கதவு விரிப்பும். இவை இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள், கதவை ஒருமுறை கழற்றினால் போதும். பலருக்கு இத்துடன் மனம் நிறைந்துவிடும். கைப்பேசி வசதி வேண்டுமென்றால் மூன்றாவதாக ஹெட் யூனிட். தனிப் பெருக்கியும் சப்-ஊஃபரும் கடைசி. ஐந்தாண்டுக்கு மட்டும் புதுப்பித்த காரை மேலும் ஒருமுறை புதுப்பிக்க முடியாது என்பதால், அந்தக் கடைசிப் படி தேவையா என்று இருமுறை யோசியுங்கள்.

கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பெட்டியில் போட்டு, திருகாணிகளோடு வீட்டுப் பொருளறையில் வையுங்கள். காரின் ஆயுள் முடியும் நாளில் பழையவற்றைத் திரும்பப் பொருத்திவிட்டு, நீங்கள் தேர்ந்தெடுத்த ஸ்பீக்கர்களை அடுத்த வண்டிக்குக் கொண்டுபோகலாம். கம்பியை வெட்டாமல், இடையில் இணைப்பான் போட்டுப் பொருத்தச் சொன்னால்தான் அது முடியும். பணிமனையில் வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.